ஈயம் படிந்த வீடு – 14: சிவக்கும் குச்சிகள்

ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கப் பத்து மணிக்கு வந்தால் போதும் என்றுதான் மருத்துவ நிலையத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். இன்திஸார் எட்டு மணிக்கே சின்ன மகள் லமீஸுக்குச் சட்டை மாட்டித் தலை வாரி விட்டாள். அதன் பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அடுப்பை அணைத்தோமா என்று ஒரு தடவை பார்த்தாள். பார்த்ததை மறந்து இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தாள்.

முற்றத்தில் அவள் கணவன் ரஸ்மி ஒரு பழைய டிவியின் முதுகைத் திறந்துகொண்டிருந்தான்.

"உம்மு அரீஜ், கொஞ்சம் உட்காரேன். நீ நடக்கற நடைக்கு இந்நேரம் அல்-கலீல் டவுனுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்." மூத்த மகளின் பெயரால், அரீஜின் அம்மா என்றுதான் அவளை அழைப்பான்.

"நேர்ல வாங்கன்னு ஏன் சொல்லணும்? ஒண்ணுமில்லைன்னா போன்லயே சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"எல்லாரையும்தான் நேர்ல கூப்பிட்டிருக்காங்க. நாற்பது பிள்ளைங்க."

"அதுல நம்ம பிள்ளைக்குத்தான் ரெண்டு தடவை போன் வந்துச்சு."

ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி ரஸ்மியின் விரலைக் கீறியது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு விரலைச் சூப்பினான்.

தைர் சுமாக் ஊரின் மலைச்சரிவில் பிப்ரவரிக் காற்று தகரக் கூரைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக இந்தக் காற்றில் கருகல் நாற்றம் இல்லை. அதற்கு இன்திஸார்தான் காரணம் என்று ஊரில் பாதிப் பேர் அவளை வாழ்த்தினார்கள், மீதிப் பேர் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடந்தார்கள்.

ராணுவச் சோதனைச் சாவடிக்கு அப்பால் உள்ள நகரங்கள் தூக்கிப் போடும் டிவி, கணினி, குளிர்பெட்டி எல்லாம் லாரி லாரியாக வந்து பிரிக்கப்படும் ஊர் இது. பிரித்து மிஞ்சும் கம்பிகளைக் கீழே ஓடைப் பள்ளத்தில் போட்டு எரித்தால் பிளாஸ்டிக் போய்ச் செம்பு நிற்கும். அந்தத் தீயை மூட்டுகிறவர்களில் முதல் ஆள் ரஸ்மியின் தம்பி ஜவ்தத். நான்கு வயது லமீஸ் சாப்பிடாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சொன்ன சொல்லை மறந்து போகத் தொடங்கியபோது பள்ளத்துப் புகையால்தான் என்று இன்திஸார் முடிவு செய்தாள். வீடு வீடாக ஏறி இறங்கி, தீயை நிறுத்தச் சொல்லி அறுபத்தொரு கையெழுத்து வாங்கினாள். தீ நின்றது. ஜவ்தத்தின் மனைவி ஸுஹைலா அவளோடு பேசுவதும் நின்றது.

இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்மன்றத்தில் கூட்டம். கம்பியை எரிக்காமல் அரைத்துச் செம்பைத் தனியே பிரிக்கும் மிஷின் ஒன்றை ஊருக்குத் தருவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல ராமல்லாவிலிருந்து ஓர் உதவி நிறுவனத்தார் வருகிறார்கள். ஊர் சார்பில் பேச வேண்டியவள் இன்திஸார்.

ஒன்பதரைக்கு அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நடந்தே வருவாளே," என்றான் ரஸ்மி.

"எனக்கு இவளைத் தூக்கணும் போல இருக்கு."

*

மருத்துவ நிலையம் என்பது ஓர் அறையும் நடுவில் ஒரு திரையும்தான். திரைக்கு இந்தப் பக்கம் ஸுஹைலா தன் மகன் அத்ஹமோடு, வாங்கிய முடிவுத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸலாம் சொல்லலாமா என்று இன்திஸார் யோசித்து முடிப்பதற்குள் ஸுஹைலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ருவைதா தாளைப் புரட்டினாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"பத்தொன்பது," என்றாள்.

"நூத்துக்கா?"

"நூத்துக்கெல்லாம் இல்லக்கா. ரத்தத்துல ஈயம். அஞ்சைத் தாண்டினாலே நாங்க பேச ஆரம்பிச்சிடுவோம்."

இன்திஸாரின் மடியில் லமீஸ் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் மேசையின் இரும்பில் டங், டங் என்று இடித்தது. யாரும் தடுக்கவில்லை.

"உயிருக்கு…?"

"அப்படிப் பயப்படற எண் இல்ல. சும்மா விட்டு வைக்கற எண்ணும் இல்ல. வயித்து வலி, சாப்பாடு வேணாங்கறது, மறதி, நீங்க சொன்னதெல்லாம் இதுலேர்ந்து வர்றதுதான். எங்கேர்ந்து உள்ள போகுதோ அதை முதல்ல நிறுத்தணும். இரும்புச் சத்து மருந்து தரேன். பால், தயிர் கொடுங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம்."

"எங்கேர்ந்து போகுதுன்னு ஊருக்கே தெரியுமே. பள்ளத்துலேர்ந்து."

ருவைதா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பள்ளத்துக்கு ஒட்டின வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஏழு, ஒன்பது, பதினொண்ணுன்னு வந்திருக்கு. அதுவும் அதிகம்தான். ஆனா உங்க வீடு மேட்டுல இருக்கு. வெறும் புகைன்னா உங்க பிள்ளைக்கு இவ்வளவு வரக்கூடாது. வீட்டுக்குள்ள யாராவது டிவி, கம்ப்யூட்டர் போர்டு வேலை பண்றாங்களா?"

"எங்க வீட்டுக்காரர் முற்றத்துல பிரிப்பார். அவ்வளவுதான்."

சொன்னது பொய்யில்லை. முழுதும் சொல்லவும் இல்லை. மருந்துக் குப்பியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

திரையை விலக்கி வெளியே வந்தபோது ஸுஹைலா எழுந்து நின்றாள்.

"என் பையனுக்கு ஏழு, அக்கா." மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. "புகைக்குப் பக்கத்துலயே கிடக்கறவனுக்கு ஏழு. மேட்டு வீட்டு இளவரசிக்குப் பத்தொன்பது. அறுபத்தொரு கையெழுத்து வாங்கினீங்களே, அந்தத் தாளைக் கரைச்சுக் குடுத்துப் பாருங்க, குணமாகுதான்னு."

வேறு நாளாக இருந்தால் இன்திஸார் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

*

மூத்தவள் அரீஜ் நண்பகலில் வந்தாள். அல்-கலீலில் படித்து முடித்து ஆறு மாதமாக அங்கேயே ஒரு சின்னப் பட்டறையில் வேலை. கூரைமேல் வைக்கும் சூரியத் தகடுகளோடு சேர்க்கிற மின்பெட்டி செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், வியாழக்கிழமை ஆனால் வாடகை வண்டியில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு?"

"பத்தொன்பது."

அரீஜ் தங்கையைத் தூக்கி முகர்ந்தாள். பிறகு அவளை இறக்கி விட்டாள். அம்மாவின் கை ஓயாமல் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அந்தக் கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் நல்லது என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"யம்மா, இதைக் கழட்டிக் காட்டு."

"இன்னைக்கா?"

"ஞாயித்துக்கிழமை முதலாளி முடிவு பண்ணிடுவார். பசை போட்டு ஒட்டிடலாம், சீக்கிரம் வேலை முடியும்ங்கறார். ஸ்க்ரூதான் போடணும்னு நான் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். ஆயிரம் பெட்டி கழட்டினவ நீ. நீ சொன்னா அதுக்கு மேல அப்பீல் இல்ல."

இன்திஸார் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தது. அந்தக் கை வேலைக்குள் இறங்கியதும் அவள் மூச்சு கொஞ்சம் சீரானது.

"நாலு ஸ்க்ரூவும் ஒரே அளவு. பரவாயில்ல, தாயோட கஷ்டம் தெரிஞ்ச பிள்ளை." மூடி வந்தது. "பேட்டரி கையோட வருதே! இதுக்கு உனக்கு ஒரு முத்தம் தரலாம். மத்தவன் செஞ்சதுல பேட்டரியைக் கத்தி வச்சு நெம்பணும். எப்போ தீப்பிடிக்கும்னு பயந்துக்கிட்டே நெம்பணும். பசை போட்டு ஒட்டறவன், இதை நாளைக்கு ஒருத்தி திறக்கணுமேன்னு நினைக்கறதே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் இந்த மூணு. இதை ஏண்டி ஈயம் வச்சு ஒட்டியிருக்கே? நல்ல சிப்பு, மறுபடி உபயோகமாகும். இதைக் கழட்டணும்னா தீயில வச்சுத்தான் ஆகணும். ரொட்டி சுடற ஸாஜ் தட்டைச் சூடு பண்ணி, போர்டைக் கவுத்து வச்சா நாலு நிமிஷம். தட்டினா தானா உதிரும்."

"அந்த மூணையும் செருகற மாதிரி பண்ணலாம்னுதான் யோசிச்சிட்டிருக்—" அரீஜ் நிறுத்தினாள். "நாலு நிமிஷமா?"

"ஆமா."

"நீ முன்னாடி செஞ்சப்போ எட்டு நிமிஷம்னு சொல்லுவே. அது பழைய மண்ணெண்ணெய் அடுப்பு. நாலு நிமிஷம் ஆகணும்னா கேஸ் அடுப்பு வேணும். நாம கேஸ் அடுப்பு வாங்கினதே போன வருஷம்." அவள் அம்மாவையே பார்த்தாள். "யம்மா. நீதான் அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்னு சொன்னியே?"

இன்திஸார் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக மேசைமேல் நிறுத்தி வைத்தாள்.

"எங்கே வச்சு செய்யறே?"

இன்திஸார் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். அடுக்களைக்குப் பின்னால் எண்ணெய் டின்கள் அடுக்கும் சின்ன அறை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ரொட்டி சுடும் பழைய ஸாஜ் தட்டு அங்கேதான் அடுப்பின்மேல் கிடந்தது. போர்டை முழுசாக விற்றால் வெறும் எடைக்கான காசுதான். சிப்பைக் கழற்றி விற்றால் தனி மதிப்பு. சும்மா உட்கார அவளுக்கு வராது. பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் இருக்க ஜன்னலை மூடியே வைத்திருந்தாள். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். மதியத்தில் லமீஸ் அங்கே ஒரு பாயில் தூங்கிப் போவாள். தூங்கட்டும், குளிரில் இல்லாமல் இருக்கிறாளே என்று இவளும் போர்த்தி விடுவாள்.

அரீஜ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். பட்டறையில் வாங்கும் சாமானில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிற குச்சிகள் அதில் இருந்தன. பஞ்சு வைத்த நுனியால் தேய்த்தால், ஈயம் இருந்தால் சிவக்கும்.

முதலில் பள்ளத்தைப் பார்த்த ஜன்னல் விளிம்பு. இளஞ்சிவப்பு.

"பார்த்தியா, புகைதான்," என்றாள் இன்திஸார் அவசரமாக.

"புகையும்தான்."

ரஸ்மியின் வேலைச் சட்டை. இன்னும் கொஞ்சம் சிவப்பு. பின்னறை மேசை. தேய்த்து முடிப்பதற்குள் பஞ்சு மாதுளை முத்துப் போல ஆனது. பாய். தலையணை. அரீஜ் குச்சிகளை வரிசையாக ஒரு தாளில் வைத்துக்கொண்டே போனாள். இன்திஸாருக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. அடுத்ததையும் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

"எனக்கும் ஒண்ணு," என்று லமீஸ் கையை நீட்டினாள்.

யாரும் கவனிப்பதற்குள் ஒரு குச்சியை எடுத்துத் தன் துணிப் பொம்மையின் கன்னத்தில் தேய்த்துவிட்டாள். தினம் வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுக்கிற பொம்மை.

"யம்மா, சிவப்பு! என்னோடதுதான் ரொம்பச் சிவப்பு!" என்று குழந்தை கைதட்டிச் சிரித்தது.

இன்திஸார் பொம்மையை அவள் கையிலிருந்து வாங்கி எட்டாத உயரத்தில் வைத்தாள்.

*

"ஊர் பூரா செய்யறதுதானே," என்றான் ரஸ்மி. இதோடு நான்காவது தடவை. முற்றத்தில் நின்றால் உள்ளே வந்தான், உள்ளே வந்தால் முற்றத்துக்குப் போனான். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே. என் அம்மா செய்யலியா—"

"யாபா, நாற்பது பிள்ளைக்கு இப்பதான் முதல் தடவையா ரத்தம் எடுத்திருக்காங்க. ஆகலன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அரீஜ்.

"சரி. தப்புதான். இன்னைக்கே நிறுத்தியாச்சு. முடிஞ்சுது." மனைவியின் பக்கம் திரும்பினான். "மூணு மணிக்கு நீ போய், பேச வேண்டியதைப் பேசிட்டு வா. இதை மட்டும் சொல்லாதே."

"ஏன்?"

"ஏனா? நீ எழுந்து, என் பிள்ளைக்கு ஈயம் என் அடுக்களையிலேர்ந்து வந்துச்சுன்னு சொன்னா, ஜவ்தத் நாலு மணிக்குப் பள்ளத்துல தீ மூட்டுவான். அறுபத்தொரு பேரும் உன்னைப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. மிஷினும் போச்சு. புகையும் விஷம்தான்னு உன் மகளே சொல்றா இல்ல? பொய் சொல்லச் சொல்லல. மிஷின் வந்து இறங்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை உட்கார விடவில்லை. அரீஜைப் பார்த்தாள். எப்போதும் பதில் வைத்திருக்கும் பெண், இப்போது நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியல, யம்மா. மிஷின் வந்தா நிறையப் பேருக்கு நல்லது."

"மிஷின் வர எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசம். மூணும் ஆகலாம்."

"ஜன்னலைச் சாத்திட்டு இதைச் செய்யறது நான் ஒருத்திதானா இந்த ஊர்ல?"

பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. காற்று அதைத் துண்டு துண்டாகக் கொண்டு வந்தது.

"உன் பேர் என்னாகும்னு யோசிச்சியா?" என்றான் ரஸ்மி, குரலைத் தாழ்த்தி.

"அதைத்தான் காலையிலேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன். ருவைதா கேட்டப்போ அதனாலதான் வாயைத் திறக்கல."

*

ஊர்மன்றத்தில் ஆண்கள் முன்வரிசை நாற்காலிகளில், பெண்கள் பின்னால். அரீஜ் லமீஸைத் தூக்கிக்கொண்டு வாசலோரம் நின்றாள். ராமல்லாவிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருத்தி கண்ணாடி போட்ட பெண், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். சுவரோரம் ருவைதா நின்றிருந்தாள்.

முதலில் ஜவ்தத் எழுந்தான். பேச ஆரம்பித்தால் கூட்டத்தைச் சிரிக்க வைக்காமல் விட மாட்டான்.

"என் மதினிக்கு என் புகை பிடிக்காது. எனக்கு மட்டும் பிடிக்குமா? ரோஜாப்பூ வாசம் வர்ற கம்பி எங்கயாவது இருந்தா சொல்லுங்க, அதையே எரிக்கறேன்."

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"மூணு வாரமா தீ இல்ல. என் வீட்ல என்ன வேகுதுன்னு இந்த அறுபத்தொரு பேர்ல ஒருத்தர் வந்து கேட்டீங்களா? மிஷின் வரும் வரும்ங்கறீங்க. வந்தா யார் கையில இருக்கும், எனக்கு அதுல வேலை உண்டா, யாராவது சொன்னீங்களா? சரி, அதை விடுங்க. இன்னைக்கு ரத்தக் கணக்கு வந்திருக்கு. புகைக்குப் பக்கத்துல இருக்கற என் பையனுக்கு ஏழு. மேட்டு வீட்ல என் அண்ணன் பொண்ணுக்குப் பத்தொன்பது. என் புகை எங்க வீட்டைத் தாண்டிப் போய் அங்க மட்டும் இறங்குதா? மதினி பதில் சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. முன்வரிசையிலிருந்த ரஸ்மியின் தலை மட்டும் திரும்பவில்லை. அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே இன்திஸார் எழுந்தாள். பேசுவதற்காக எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தது. அதை மடித்தாள்.

"ஜவ்தத் சொல்றது சரி. லமீஸுக்கு ஏறினது முக்கால்வாசி பள்ளத்துலேர்ந்து வரல. நான் கொடுத்தேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் குரலை உயர்த்தினாள். உயர்த்தாவிட்டால் அது உடைந்துவிடும் போலிருந்தது.

"அடுக்களைக்குப் பின்னால, ஜன்னலைச் சாத்திக்கிட்டு, ஸாஜ் தட்டுல போர்டைச் சூடு பண்ணிச் சிப்புக் கழட்டினேன். பிள்ளை அந்தச் சூட்டுல தூங்கினா. காலையில நர்ஸ் கேட்டப்போ மறைச்சேன். இன்னைக்கு என் மக ஒரு குச்சியால தேய்ச்சுப் பார்த்தா. தலையணை சிவந்துச்சு. பொம்மை சிவந்துச்சு. பள்ளத்தைப் பார்த்த ஜன்னலும் சிவந்துச்சு, ஜவ்தத். கொஞ்சமா. ஆனா சிவந்துச்சு. உன் பையனுக்கு ஏழு வந்தது பாலைக் குடிச்சு இல்ல."

"அதான் ஒத்துக்கிட்டாங்களே!" என்று யாரோ கத்தினார்கள். "சும்மா எதுக்கு எங்க பொழப்பைக் கெடுத்தீங்க?" இன்னொரு பக்கம், "கையெழுத்து வாங்க வந்தப்போ இதைச் சொல்லலியே!" என்று ஒரு பெண் குரல். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தியின் குரல்.

ஜவ்தத் வெற்றி பெற்றவன் போல உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ருவைதா சுவரைவிட்டு முன்னால் வந்தாள். "வீட்டுக்குள்ள போர்டு வேலை செய்யறவங்க வேற யாராவது இருக்கீங்களா? பேர் எழுத மாட்டேன். கையை மட்டும் தூக்குங்க. உங்களுக்கும் ரத்தம் பார்க்கணும்."

பெண்கள் வரிசையில் ஒரு கையும் எழவில்லை. இன்திஸாருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் துப்பட்டாவைச் சரி செய்தார்கள். இடது பக்கத்தவள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவர்களில் இருவர் வீட்டுப் பின்ஜன்னல் இந்தக் குளிர்காலம் முழுக்க மூடியே கிடப்பதை இன்திஸார் பார்த்திருக்கிறாள். அவர்களைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கண்ணாடி போட்ட பெண் பேனாவை மூடினாள். "நாங்க தர்றதா இருந்த மிஷின் கம்பியை அரைக்கும். போர்டை என்ன செய்யறதுன்னு எங்க திட்டத்துல இல்லவே இல்ல. இதைக் கேட்டதுக்கு அப்புறம் இன்னைக்கே கையெழுத்துப் போட முடியாது. திரும்பப் போய்ப் பேசிட்டு வரோம்."

"எப்போ?" என்று கேட்டாள் அரீஜ்.

"தெரியல. உண்மையிலயே தெரியல."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ரஸ்மி யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தான். வீட்டுப் பக்கம் போகவில்லை. சாலையில் இறங்கி எதிர்த்திசையில் போனான்.

*

வீட்டுக்கு வந்ததும் இன்திஸார் துடைப்பத்தை எடுத்தாள்.

"பெருக்காதே யம்மா, தூசி பறக்கும். ஈரத் துணியால துடை. துணியைத் தனியா வை."

துடைத்தாள். பாயைச் சுருட்டினாள், தலையணை உறையைக் கழற்றினாள், போர்வையை எடுத்தாள். ஸாஜ் தட்டையும் டப்பாவில் ஆறிக் கிடந்த ஈயக் கட்டியையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து அப்படியே நின்றாள். எங்கே போடுவது? ஓடையில் போட்டால் ஆடு குடிக்கும். அத்திமரத்தடியில் புதைத்தால் வேர் குடிக்கும். குப்பையில் போட்டால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைப்பார்கள். இத்தனை வருஷம் ஊர் ஊரிலிருந்து வந்த குப்பையையெல்லாம் பிரித்தவளுக்குத் தன் கையளவு குப்பையை எறிய ஓர் இடம் தெரியவில்லை.

"மூடி போட்ட வாளியில போட்டு மூடு. பட்டறை மூலமா யாராவது வாங்குவாங்களான்னு கேக்கறேன்," என்றாள் அரீஜ்.

லமீஸ் பொம்மையைக் கேட்டு அழுது அழுது அக்காவின் தோளில் தூங்கிப் போயிருந்தாள். அரீஜ் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாளில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று சிப்புகளையும் ஈயம் இல்லாமல், செருகி எடுக்கிற மாதிரி எப்படி உட்கார வைப்பது என்று.

"உன் முதலாளி ஒத்துக்குவாரா?"

"மாட்டார். போடற சண்டையைப் போடறேன்."

"எங்க வீட்ல நடந்ததைச் சொல்லு. எதுக்கும் ஆகாம போறதுக்கு அதுக்காவது ஆகட்டும்."

அரீஜ் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தாளில் குனிந்தாள்.

பொழுது சாய்ந்து மக்ரிப் நேரம் நெருங்கியும் ரஸ்மி வரவில்லை. இன்திஸார் இரண்டு தடவை போன் செய்தாள்; அவன் எடுக்கவில்லை. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்தபோது இரும்புக் கதவுக்கு வெளியே ஒருத்தி நின்றாள். ஸுஹைலா.

இன்திஸார் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இன்னும் என்ன மிச்சம் வைத்திருக்கிறாளோ.

"ஜெயிச்சாச்சே. இன்னும் என்ன?"

ஸுஹைலா உள்ளே வரவில்லை. கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். காலையில் இருந்த முகம் இல்லை இது.

"எவ்வளவு நாள் செஞ்சா அக்கா ரத்தத்துல ஏறும்?"

"எதை?"

"நீங்க செஞ்சதை."

காற்று இரண்டு பேர் துப்பட்டாவையும் இழுத்தது. இன்திஸாருக்குப் புரிந்தது.

"எப்போலேர்ந்து?"

"நீங்க தீயை நிறுத்தினதுலேர்ந்து. கம்பி எரிக்க முடியாதுன்னு ஆனதும் அவர் போர்டு மூட்டையா கொண்டு வந்து போட்டார். நான்தான் செய்யறேன்னு சொன்னேன். குளியலறையில. ஜன்னலுக்குத் துணி அடைச்சு. தினம் காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும்."

மூன்று வாரம். இன்திஸார் கையெழுத்துத் தாளோடு அந்தத் தெருவில் நடந்த நாளிலிருந்து.

"அத்ஹமை உள்ள விட்டியா?"

"அவனை விடல. அவன் முற்றத்துலதான் இருப்பான்." ஸுஹைலா ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். அந்தக் கை போக இடமில்லாமல் வயிற்றின்மேல் போய் நின்றது. "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. மூணு மாசம். அவருக்குக்கூடச் சொல்லல. போன ரெண்டும் தங்கல இல்ல. இந்தத் தடவை கொஞ்சம் உறுதியாகட்டும்னு…"

அந்த இரண்டு தடவையும் அவளுக்குச் சூப் வைத்துக்கொண்டு போனவள் இன்திஸார்தான். இரண்டு தடவையும், அல்லாஹ் நாடினால் அடுத்தது நிற்கும் என்று சொல்லிவிட்டு வந்தவள். பள்ளத்தில் தீ எரிந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

"கூட்டத்துல கையைத் தூக்கணும்னுதான் நினைச்சேன்," என்றாள் ஸுஹைலா. "அவர் அப்படிப் பேசிட்டு உட்கார்ந்தப்புறம் எப்படித் தூக்குவேன்? சொல்லுங்கக்கா. அம்மா ரத்தத்துல ஏறினா அதுக்கும் போகுமா?"

போகும் என்று சொல்ல இன்திஸாருக்குத் துணிவில்லை.

"அரீஜ்! பிள்ளையைப் பார்த்துக்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். கதவைத் திறந்து வெளியே வந்து, ஸுஹைலாவின் முழங்கையைப் பற்றினாள். "நட. ருவைதா இன்னும் ஊரைத் தாண்டியிருக்க மாட்டா."

"இப்பவேவா? அவர் கேட்டா என்ன சொல்ல?"

"போற வழியில யோசிப்போம்."

இரண்டு பேரும் சரிவில் வேகமாக இறங்கினார்கள். பாதி வழியில், வளைவுக்கு அப்பால், மருத்துவ நிலையத்தின் வெள்ளை வண்டி கிளம்பி மெல்லத் திரும்புவது தெரிந்தது. இன்திஸார் கையை உயர்த்தி அசைத்துக்கொண்டே ஓட ஆரம்பித்தாள்.

"ஓடாதேடி, நீ ஓடாதே!" என்று திரும்பிக் கத்தினாள்.